மனை எழுப்ப யாரை நாடுவது?

பூமி பூஜைக்கு நாள் குறிப்பதில் காட்டும் கவனத்தை, வீட்டைக் கட்டப்போகிறவரைத் தேர்ந்தெடுப்பதிலும் நாம் காட்டுகிறோமா? ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதும் அவரை நம்பியல்லவா செலவாகிறது!

மனைநூலாகிய மயமதம் இப்பணியை ஒருவரிடமே விட்டுவிடவில்லை, நால்வரைக் கூறுகிறது. ஸ்தபதி திட்டமிடுபவர். ஸூத்ரக்ராஹி நூல் பிடித்து அளப்பவர். தக்ஷகர் கல்லையும் மரத்தையும் செதுக்குபவர். வர்த்தகி அவற்றை இணைத்து எழுப்புபவர்.

இக்காலத்தில் ஆர்க்கிடெக்ட் வரைபடம் தருகிறார், பொறியாளர் தூணுக்கும் கம்பிக்கும் கணக்கிடுகிறார், மேஸ்திரி எழுப்புகிறார். மூவர் வேலையையும் ஒருவரே பார்ப்பதாகச் சொன்னால், சற்று யோசிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு பெற்றவரே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். பதிவெண்ணைக் கேட்கக் கூச்சம் வேண்டாம். அவர் முன்பு கட்டிய வீட்டில், அதுவும் இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டில், தளம் கசிகிறதா என்று குடியிருப்போரையே விசாரியுங்கள். தொகையும் பொருள்களின் தரமும் எழுத்தில் இருக்கட்டும். பணத்தை அஸ்திவாரம், லிண்டல், தளம் என வேலை வளர வளரக் கொடுங்கள்.

பூஜையறை எந்த மூலையில் என்று எல்லோரும் கேட்பார்கள். அங்கே மூட்டுவலியுள்ள பாட்டி எப்படி அமர்வார், இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் படி உண்டா என்று கேட்பவர் அபூர்வம். அத்தகையவர் கிடைத்தால், கூலி சற்றுக் கூடினாலும் அவரிடமே ஒப்படைக்கலாம் என்பது என் எண்ணம். குளியலறைக் கைப்பிடியையும் வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஓடு பதித்தபின் துளையிடுவது வீண்செலவு.