பாயின் அளவும் படகின் குணமும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்த திண்டுக்கல் சமவெளி வாசிகளுக்குக் காற்றின் வலிமையைப் பற்றி யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. ஆயினும், கடற்கரையே இல்லாத இம்மாவட்டத்தில், அக்காற்றைத் துணியிலே பிடித்து உலகத்தைச் சுற்றிவரும் ஒரு படகு எத்தகைய கணக்குகளின் மேல் நிற்கிறது என்று விசாரிக்கும் சந்தர்ப்பம் நமக்கு அபூர்வமாகவே வாய்க்கிறது.

நம் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகு கோவாவில் கட்டப்பட்டு 2017 பிப்ரவரியில் சேவைக்கு வந்தது. நீளம் ஏறக்குறைய 17 மீட்டர், பாய்மரத்தின் உயரமோ 25 மீட்டர். நெடும் பிரயாணத்துக்கென்றே உருவான இப்படகு 2023 ஜனவரியில் கேப் டவுனிலிருந்து ரியோ செல்லும் பந்தயத்திலும் ஓடியது. 2024 அக்டோபர் 2 அன்று புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் இருவராகவே இதைச் செலுத்திப் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே மாத இறுதியில் கோவா திரும்பினார்கள். ஓட்டத்தில் முந்தவும் வேண்டும், மாதக்கணக்கில் குடியிருக்கவும் வேண்டும் என்னும் இந்த இரட்டைக் கோரிக்கையை நிறைவேற்ற முயல்வனவே ‘ரேசர்-குரூசர்’ எனப்படும் படகுகள்.

அளவுகளில் முதன்மையானது நீர்மட்டத்து நீளம். ஓடும் படகு தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அவ்வலையின் முகடுகள் விலகிச் சென்று, ஒன்று முன்னாலும் மற்றொன்று பின்னாலும் நிற்கும் நிலை வந்தவுடன், கனமான படகு நடுப்பள்ளத்தில் அகப்பட்டுக்கொள்வதால், அதற்குமேல் காற்று எவ்வளவு வீசினாலும் பிரயோஜனம் சொற்பமே. அந்நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் இந்த எல்லை தெரிந்துவிடும்: 25 அடிக்கு மணிக்கு 6.7 கடல் மைல்; 36 அடிக்கு ஏறக்குறைய 8.

பாயை அளக்க நான்கு எழுத்துக்கள் உண்டு. பெரும்பாயின் பாய்மரத்தை ஒட்டிய விளிம்பு ‘பி’, அதன் அடிவிளிம்பு ‘இ’; முன்பாய்க்குரிய முக்கோணத்தின் உயரம் ‘ஐ’, அதன் அடி ‘ஜே’. உதாரணமாக, ‘பி’ 40 அடி, ‘இ’ 15 அடி என்றால், முக்கோணமாகையால் பெருக்கியதில் பாதியாகப் பெரும்பாய் 300 சதுர அடி. ‘ஐ’ 44, ‘ஜே’ 15 என்றால் முன்முக்கோணம் 330. ஆக மொத்தம் 630. அப்படகு 216 கன அடி நீரை விலக்குவதாக, அதாவது சுமார் 6¼ டன் எடையுள்ளதாக வைத்துக்கொண்டால், எடைக்குப் பாய் எவ்வளவு என்னும் விகிதத்தை அறிய, 216-இன் கனமூலமாகிய 6-ஐ வர்க்கமாக்கி வரும் 36 ஆல் 630-ஐ வகுக்க வேண்டும், விடை 17.5. இவ்வகைப் படகுகளில் இந்த எண் பெரும்பாலும் 16-க்கும் 20-க்கும் இடையில் நிற்கும். குறைந்தால் சாவகாசமான பிரயாணப் படகு, மிகுந்தால் பந்தயத்துக்கே பிறந்தது.

பாயை உயர்த்திக்கொண்டே போகலாமே என்றால், படகு சாயும். சாய்வை எதிர்க்க, படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் ஏராவின் அடியில் ஈயமோ இரும்போ தொங்க வேண்டும். அக்கனமே வேகத்துக்குப் பகையாகும். ஏராவை ஆழமாக்கினால் குறைந்த எடையே போதுமெனினும், ஆழமற்ற துறைகளுக்குள் நுழையும் சௌகரியம் போய்விடும். சமையலறை, படுக்கை, தண்ணீர்த் தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் அந்த 17.5-ஐக் கீழே இழுக்கின்றன.

துணியின் விஷயத்தைச் சின்னாளபட்டித் தறிக்காரர்கள் ஒரு நொடியில் கிரகித்துக்கொள்வார்கள். முன்னாளில் பருத்தியாகவும் இந்நாளில் பெரும்பாலும் பாலியஸ்டராகவும் இருக்கும் பாய்த்துணி, பாவின் போக்கிலும் ஊடையின் போக்கிலும் இழுத்தால் உறுதியாக நிற்கும், மூலைவாட்டில் இழுத்தால் தளரும். ஆகையால், காற்றின் இழுவிசை எவ்வழியே செல்லுமோ அவ்வழியே இழைகள் அமையும்படி துண்டுகளை வெட்டித் தைப்பதே பாய் தைப்பவரின் வித்தை.

வெவ்வேறு அளவுள்ள படகுகள் ஒன்றாக ஓடும் பந்தயங்களில் இந்த அளவுகளையெல்லாம் கொண்டு ஒவ்வொரு படகுக்கும் ஒரு விகிதம் விதித்து, ஓடிய நேரத்தை அதனால் திருத்திய பிறகே வெற்றி தீர்மானிக்கப்படுவதால், கரையை முதலில் தொட்ட படகு தோற்பதும் உண்டு. எனினும், நள்ளிரவுப் புயலில் அப்பாயைச் சுருக்கப் போகும் கைகள் எத்தனை என்பதைப் படகை வரைபவரே நிர்ணயித்தாக வேண்டும்; இருவர் மட்டுமே செல்லும் படகில், அவர்களால் இறக்க முடியாத பாய் எத்தனை சதுர அடியானாலும் அதிகமே.