மரியாதையா பேசினோம், ஆனா ஐக்கியம் இருந்துச்சா?

இன்னைக்கு எடுத்திருக்கிறது வாலிபர் ஊழியத்துல இருக்கிற எல்லாருக்கும் பழக்கமான ரெண்டு வார்த்தை: மரியாதை, ஐக்கியம். ரெண்டும் ஒண்ணுதான்னு நான் ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். அப்படி இல்லைன்னு எனக்குப் புரியவெச்சது ஒரு தம்பியும், நூத்தி அறுபது வருஷத்துக்கும் மேல பழசான ஒரு சண்டையும்.

தம்பி கதையை முதல்ல சொல்லிடறேன். கடலூர், சிதம்பரம் பக்கத்து வாலிபர் தலைவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வெச்சிருக்கோம். லுத்தரன், சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கர்னு எல்லாரும் உண்டு. ஒரு முகாம் முடிஞ்ச மறுநாள், சிதம்பரம் பக்கம் ஒரு காலனி சபையிலிருந்து வர்ற தம்பி குழுவில் எழுதினான். "மூணு முகாமா பார்க்கிறேன் அண்ணா. அண்டா கழுவுறது எங்க பசங்க, மைக் பிடிக்கிறது வேற பசங்க. இது தானா அமையுதா?"

நான்தான் அட்மின். உடனே பதில் போட்டேன்: "தம்பி, இதை இங்க பேச வேண்டாம், ஐக்கியம் கெட்டுடும். தனியா பேசிக்கலாம்." நாலஞ்சு பேர் கைகூப்பி எமோஜி போட்டாங்க. அவனும் "சரிங்க அண்ணா, நன்றி"ன்னு போட்டான். பிரச்சினையை நல்லபடியா முடிச்சுட்டோம்னு நினைச்சேன். ஆனா தனியா பேசிக்கலாம்னு சொன்ன நான் பேசவே இல்லை. ரெண்டு வாரம் கழிச்சு அவன் குழுவை விட்டுப் போயிட்டான். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, சண்டை கிடையாது. மரியாதையாத்தான் போனான்.

மேல்பட்டாம்பாக்கத்துச் சண்டை

கடலூர்ல இருந்து ரயில்ல விழுப்புரம் போனா, நெல்லிக்குப்பம் தாண்டினதும் மேல்பட்டாம்பாக்கம் வரும். நம்மில் நிறைய பேர் ஜன்னல் வழியா மட்டும் பார்த்த ஊர். 1861இல் கார்ல் ஓக்ஸ் என்கிற ஜெர்மன் மிஷனரி அங்கே ஒரு மிஷன் ஸ்தலம் ஆரம்பிச்சு, பெத்தானியான்னு பேர் வெச்சார். பிறகு அவர் டேனிஷ் மிஷனோட சேர்ந்தார். இன்னைக்கு கடலூரைத் தலைமையிடமா வெச்சிருக்கிற ஆற்காடு லுத்தரன் திருச்சபையோட வேர் அங்கதான் இருக்கு.

அவர் ஏன் அங்க வந்தார்? அதுக்கு முன்னாடி தரங்கம்பாடியை மையமா வெச்சு வேலை செஞ்ச லைப்சிக் மிஷன்ல இருந்தார். அங்கிருந்து பிரிஞ்சு வந்ததுக்குக் காரணம் சாதி.

பின்னணியைச் சுருக்கமா சொல்றேன். தரங்கம்பாடிக்கு முதல் லுத்தரன் மிஷனரிகள் 1706இல் வந்தாங்க. அதுக்கப்புறம் உருவான பழைய சபைகளில் ஒரே கூரைக்குக் கீழ தனித்தனியா உட்கார்ற வழக்கம் இருந்தது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வேறுபாடு இருக்கவே கூடாதுன்னு கடிதம் எழுதினார். தஞ்சாவூர்லயும் சென்னை வேப்பேரியிலயும் பெரிய கலக்கம். பலர் விலகினாங்க. அப்படி விலகினவங்கள்ல ஒரு பகுதி பின்னாடி லைப்சிக் மிஷனைத் தேடிப் போனாங்க.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் கறாரா ஒரு முடிவெடுத்தது. சாதியை விட்டுட்டோம்னு வாயால சொன்னா போதாது, யார் சமைச்சாலும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டணும். அந்தக் காலத்துல இதுக்கு 'அன்பின் விருந்து'ன்னு பேர். லைப்சிக் மிஷன் இதை ஏத்துக்கலை. அதோட இயக்குநர் கார்ல் கிரவுல் சாதாரண ஆள் இல்லை. திருக்குறளை ஜெர்மன்ல மொழிபெயர்த்தவர், தமிழ்நாட்டுக்கே வந்து தங்கிப் பார்த்தவர். சாதி ஒரு சமூக வழக்கம், சுவிசேஷம் புளிச்ச மாவு மாதிரி உள்ளிருந்து மெதுவா அதை மாத்தும், சட்டம் போட்டுத் திணிக்கக் கூடாதுங்கிறது அவரோட வாதம். ஓக்ஸ் அதை ஒத்துக்கலை. சேர்ந்து சாப்பிட மாட்டேன்னு சொல்றவர் எப்படி சபைக்குப் போதகரா இருக்க முடியும்னு கேட்டார். கடைசியில பிரிய வேண்டியதாச்சு.

ரெண்டு பக்கமும் இருக்கிற உண்மை

இதை முதல்ல படிச்சப்போ ஓக்ஸ்தான் ஹீரோ, கிரவுல் வில்லன்னு எனக்குத் தோணுச்சு. அவ்வளவு சுலபம் இல்லை. ஒரு சாப்பாட்டைப் பரீட்சையா மாத்தினா அது விருந்தா இருக்காது. வெள்ளைக்கார துரை முன்னாடி ஒரு கவளம் சாப்பிட்டுக் காட்டிட்டு, வீட்டுக்குப் போய் பழையபடி இருக்கலாம். சமைச்சவரும் ஒரு பரீட்சைப் பொருளாத்தான் ஆகிறார். அந்த அளவுல கிரவுல் சொன்னது சரி.

ஆனா 'மெதுவா மாறும்'னு சொல்றப்போ ஒரு கேள்வி இருக்கு: யார் காத்திருக்கணும்? பாயில உட்கார்ந்தவருக்குக் காத்திருக்கிறது கஷ்டமே இல்லை. வெறுந்தரையில உட்கார்ந்தவர்தான் காத்திருக்கணும். நான் தம்பிக்குப் போட்ட மெசேஜும் இதேதான். 'ஐக்கியம் கெட்டுடும்'னு நான் சொன்னப்போ, அவனுக்கு ஏற்கெனவே கெட்டுப்போன ஒண்ணை நான் எனக்காகக் காப்பாத்திட்டு இருந்தேன்.

வேதத்துலயே இதுக்கு நேரான சம்பவம் இருக்கு. கலாத்தியர் 2ஆம் அதிகாரம். அந்தியோகியாவுல பேதுரு புறஜாதியாரோட சேர்ந்து சாப்பிட்டுட்டு இருந்தார். எருசலேம்ல இருந்து சிலர் வந்ததும் மெதுவா விலகிட்டார். யாரையும் திட்டலை, மரியாதைக் குறைவா ஒண்ணும் பண்ணலை, பந்தியை மட்டும் மாத்திக்கிட்டார். பவுல் எல்லாருக்கும் முன்னாடி அவரை நேருக்கு நேரா கண்டிச்சார். 1 கொரிந்தியர் 11லயும் பிரச்சினை சாப்பாடுதான்: ஒருத்தன் பசியா இருக்கான், இன்னொருத்தன் குடிவெறியில இருக்கான், அதுக்குப் பேரு கர்த்தருடைய பந்தியா?

இதெல்லாம் பழைய கதைன்னு சொல்லிட முடியாது. நம்ம பக்கத்துல, உளுந்தூர்ப்பேட்டைக்கிட்ட இருக்கிற எறையூர்ல, 2008 மார்ச்சில் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களுக்குள்ளயே சாதி மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் இறந்தாங்க. ஒரே விசுவாசம், ஒரே ஜெபம் இருந்த ஊர். சிதம்பரத்துக்காரங்களுக்கு நந்தனார் கதையைச் சொல்லவே வேண்டாம். 1916இல் சுவாமி சகஜானந்தா அங்க நந்தனார் பேர்ல கல்விப் பணி ஆரம்பிச்சதுக்கும் இந்த வலிதான் காரணம். வாசல்ல யார் நிக்கிறாங்கங்கிற கேள்வி கோயிலுக்கு மட்டும் இல்லை, நமக்கும் இருக்கு.

அப்போ மரியாதை வேண்டாமா?

கட்டாயம் வேணும். எங்க குழுவுல லுத்தரன்காரர் 'தோத்திரம்'னு ஆரம்பிப்பார், பெந்தெகொஸ்தே சகோதரர் 'பிரைஸ் த லார்ட்'னு ஆரம்பிப்பார். நான் 'கர்த்தர்'னு எழுதுற இடத்துல கத்தோலிக்கத் தம்பி 'ஆண்டவர்'னு எழுதுவான். அவன் கையில இருக்கிறது திருவிவிலியம், என் கையில பரிசுத்த வேதாகமம். இதையெல்லாம் திருத்தாம இருக்கிறதே ஒரு பெரிய மரியாதை. அது இல்லைன்னா ஒரு வாரம்கூட சேர்ந்து இருக்க முடியாது.

தமிழ்ல வினைச்சொல்லே ஆளை எடை போட்டுடும். 'வாங்க'ன்னு யாரைக் கூப்பிடறோம், 'வா'ன்னு யாரைக் கூப்பிடறோம்னு ஒருநாள் கவனிச்சுப் பாருங்க. வயசு மட்டும்தான் காரணம்னா தப்பில்லை. என்னைவிட மூத்த ஒரு ஊழியரை, காலனி சபைங்கிறதால, நம்ம பசங்க 'வா, போ'ன்னு பேசறதை நான் கேட்டிருக்கேன். மரியாதை எல்லாருக்கும் ஒரே அளவுல போகலைன்னா அதுவே ஒரு வேலி ஆயிடும்.

நாங்க மாத்தினது

முதல்ல, மத்தேயு 18ஐ ஒழுங்கா படிச்சோம். தப்பு பண்ணினவன்கிட்ட தனியா போய்ச் சொல்லுன்னுதான் இருக்கு. அடிபட்டவன் வாயை மூடறதுக்காக இல்லை. ஒருத்தர் ஒருத்தருக்கு செஞ்ச தப்பைத் தனியா பேசுவோம். முகாமை நடத்துற விதத்துலயே தப்பு இருந்தா எல்லாருக்கும் முன்னாடி பேசுவோம். அந்தியோகியாவுல பவுல் பண்ணினது அதுதான்.

ரெண்டாவது, 'தனியா பேசிக்கலாம்'னு அட்மின் சொன்னா, அன்னைக்கே போன் பண்ணணும். இல்லைன்னா அப்படிச் சொல்லவே கூடாது.

மூணாவது என் ஆபீஸ்ல இருந்து எடுத்தது. சாஃப்ட்வேர்ல ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணாம விடமாட்டோம். குறையை கோடு மேல சொல்லுவோம், ஆள் மேல சொல்ல மாட்டோம். ஆனா மனசு நோகும்னு குறையைச் சொல்லாம விடறது மரியாதை கிடையாது, பக் அப்படியே போய் உட்கார்ந்துடும். அதனால ஒவ்வொரு முகாமுக்கும் யார் யார் என்ன வேலை பார்த்தாங்கன்னு எழுதி வெச்சு, அடுத்த தடவை மாத்திப் போடறோம். மைக் பிடிச்சவன் அண்டா கழுவணும். அட்மின் உட்பட.

இதெல்லாம் தோணினது தம்பியைப் பார்த்ததுக்கு அப்புறம்தான். ஒரு சனிக்கிழமை கடலூர்ல பஸ் ஏறி சிதம்பரம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய டீக்கடையில உட்கார்ந்தோம். மன்னிப்பு கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நீங்க திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை அண்ணா. பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். நீங்க நல்லா பேசிட்டீங்க, எனக்குப் பேச இடமே இல்லாம போச்சு"ன்னான்.

அவன் இன்னும் குழுவுக்குத் திரும்பி வரலை. நான் வற்புறுத்தவும் இல்லை. ஆனா போன முகாமுக்கு வந்திருந்தான். ராத்திரி அண்டா கழுவுற இடத்துல நான் கரி தேய்ச்சுட்டு இருந்தப்போ, பக்கத்துல வந்து நின்னு தண்ணி ஊத்தினான். "இன்னும் அடியில ஒட்டியிருக்கு அண்ணா, நல்லா தேய்ங்க"ன்னான். தேய்ச்சேன்.

உங்க குழுவுல சத்தமில்லாம விலகிப்போன யாராவது ஞாபகத்துக்கு வந்தா, இன்னைக்கே ஒரு போன் பண்ணுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.