மலைக்குளிரில் ஃப்ரீசர் உருகுவது ஏன்?

வெளியே குளிர் கூடக் கூட ஃப்ரிட்ஜுக்கு வேலை குறையும், ஆகவே அது இன்னும் நன்றாகக் குளிரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வேலை குறைவது உண்மை. ஆனால் அறையின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால், எந்தப் பழுதும் இல்லாத டபுள் டோர் ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர்கூட மணிக்கணக்கில் ஓடாமல் நின்றுவிடுவதுண்டு. கீழ்ப்பெட்டியில் பால் கெடாமல் இருக்கும். மேலே ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கூழாகிக் கிடக்கும். கனடாவிலும் பிரிட்டனிலும் கார் ஷெட்டில் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இது குளிர்காலத்து வாடிக்கையான தொல்லை. தேனி மாவட்டத்தில் இதைப் பார்க்க மலையேற வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் நடுவே கிடக்கிறது. பன்னீர் திராட்சைத் தோட்டங்களும் முல்லைப் பெரியாற்றுப் பாசன வயல்களும் நிறைந்த இந்தத் தரையில், மார்கழி இரவிலும் வீட்டுக்குள் ஃப்ரிட்ஜை முடக்கும் அளவுக்குக் குளிர் வருவதில்லை. சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேகமலைக்குப் போனால் கதை வேறு. அங்குள்ள ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டங்கள் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்குப்படி, கம்பத்தைவிட அங்கே 7 டிகிரி குறைவு. மேகம் விலகிய தை மாத இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. போடிநாயக்கனூர் வட்டத்துக் கொழுக்குமலை 2,000 மீட்டரையும் தாண்டியது. அங்கே குளிர் இன்னும் கடுமை. எஸ்டேட் லைன் வீடுகளின் பின்கட்டிலோ, தங்கும் விடுதிகளின் ஸ்டோர் அறையிலோ, தகரக் கொட்டகையிலோ ஃப்ரிட்ஜ் நின்றால் இந்தக் குளிர் முழுவதும் அதைத் தாக்கும். தகரக் கூரை இரவு வானத்தை நோக்கி வெப்பத்தை வேகமாக இழந்துவிடுவதால், கொட்டகைக்கு உள்ளேயும் வெளியேயும் பெரிய வித்தியாசம் இருக்காது.

உள்ளே புகுந்த வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதே ஃப்ரிட்ஜின் வேலை. கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் கேஸ், பின்புறத்திலோ பக்கச் சுவருக்குள்ளோ இருக்கும் காயிலில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. பிறகு மிக மெல்லிய கேப்பிலரிக் குழாய் வழியே ஃப்ரீசர் காயிலுக்குள் போய், அங்கே அழுத்தம் குறைந்ததும் கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் காற்றிலிருந்தும் பொருள்களிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது தெர்மோஸ்டாட். சிக்கல் பிறப்பது இங்கேதான். பல டபுள் டோர் மாடல்களில் தெர்மோஸ்டாட்டின் உணர்வி கீழ்ப்பெட்டியின் வெப்பநிலையை மட்டும் பார்க்கிறது. ஃப்ரீசரில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். பெட்டிக்குள் புகும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கம்பத்தில் சித்திரை மாதப் பகலில் அறை 38 டிகிரி என்று கொள்வோம். கீழ்ப்பெட்டி 4 டிகிரி, வித்தியாசம் 34. ஃப்ரீசர் மைனஸ் 18, வித்தியாசம் 56. அதே ஃப்ரிட்ஜை மலைமேல் 8 டிகிரி அறையில் வைத்தால், கீழ்ப்பெட்டிக்கு வித்தியாசம் வெறும் 4, ஃப்ரீசருக்கு 26. கீழ்ப்பெட்டியின் சுமை எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஃப்ரீசரின் சுமையோ பாதியளவுதான் குறைந்திருக்கிறது. கீழ்ப்பெட்டி குளிர்ந்தே இருப்பதால் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை எழுப்புவதில்லை. தலைமடை நிறைந்ததும் மதகை அடைத்துவிட்டால் கடைமடை காய்வதைப் போல, ஃப்ரீசர் தன் பங்குக் குளிர் கிடைக்காமல் மெல்லச் சூடேறுகிறது. அறையே 4 டிகிரிக்கு வந்துவிட்டால் கம்ப்ரசர் ஓடவே ஓடாது.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்களில் நிலைமை சற்று வேறு. அவற்றில் உணர்வி பெரும்பாலும் ஃப்ரீசர் காயிலை ஒட்டியே பொருத்தப்பட்டிருக்கும். எனவே ஃப்ரீசர் உருகுவது அபூர்வம். மாறாக, கீழ்த்தட்டில் கீரையும் மல்லித்தழையும் உறைந்து கறுத்துப்போகலாம். இரண்டு பெட்டிகளிலும் தனித்தனி உணர்வி வைத்த எலக்ட்ரானிக் மாடல்கள் குளிரை ஓரளவு சமாளிக்கும்.

இன்னொரு காரணம் கேஸின் அழுத்தம். இப்போதைய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பரவலாக உள்ள ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், 40 டிகிரியில் திரவமாகும்போது அதன் அழுத்தம் சுமார் 5.3 பார், 10 டிகிரியில் சுமார் 2.2 பார்தான். கேப்பிலரிக் குழாயில் திரவத்தைத் தள்ளுவது இந்த அழுத்தமே. அது குறைந்தால் கம்ப்ரசர் ஓடியும் ஃப்ரீசர் காயிலுக்குப் போதிய திரவம் போய்ச் சேராது. கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெயும் குளிரில் கெட்டிப்படும். அதோடு வோல்டேஜும் தாழ்ந்திருந்தால் மோட்டார் திணறும். பாதுகாப்புச் சாதனம் 'டக்' என்று மின்சாரத்தை வெட்டிவிடும்.

தயாரிப்பாளர்கள் இதையெல்லாம் அறிந்தவர்களே. உள்சுவரிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் தட்பவெப்ப வகை அச்சிடப்பட்டிருக்கும். எஸ்.என். என்றால் 10 முதல் 32 டிகிரி வரை, என் என்றால் 16 முதல் 32, எஸ்.டி. 16 முதல் 38. டி 16 முதல் 43. பள்ளத்தாக்கின் வெயிலுக்கு டி வகை மிகப் பொருத்தம். அதையே மேகமலைக்கு ஏற்றிச் சென்றால், குளிர்கால இரவுகளில் அதன் கீழ் எல்லை தாண்டப்பட்டுவிடும். ஃப்ரிட்ஜ் வாங்கும்போது மின்சிக்கன நட்சத்திரங்களை எண்ணுகிற பலரும் இந்த எழுத்துகளைப் பார்ப்பதில்லை.

ஆகவே மலையில் ஃப்ரிட்ஜ் 'நின்றுவிட்டால்' முதலில் தேவைப்படுவது ஒரு சாதாரண தெர்மாமீட்டர். அறையிலும் கீழ்ப்பெட்டியிலும் ஃப்ரீசரிலும் அதை வைத்து, விடியற்காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிகிறதா என்பது மின்சாரம் வருவதைச் சொல்லிவிடும். பகலில் ஓடி இரவில் நின்றால் சந்தேகம் குளிர்மேல்தான். ஃப்ரிட்ஜை 20 டிகிரி அளவுள்ள அறைக்கு நகர்த்தி, ஒரு நாள் ஓடவிட்டுப் பார்ப்பது தீர்ப்பான சோதனை. நகர்த்தும்போது படுக்கவைத்திருந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே சுவிட்ச் போட வேண்டும். அங்கே ஃப்ரீசர் மைனஸ் 18-ஐ எட்டினால் பழுது ஏதும் இல்லை. அங்கும் கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றால் ரிலே, வோல்டேஜ், கம்ப்ரசர் என்று தேடலாம். கம்ப்ரசர் ஓயாமல் ஓடியும் குளிராவிட்டால்தான் கேஸ் கசிவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்த வரிசையை மாற்றுவதில் ஓர் ஆபத்து உண்டு. ஃப்ரீசர் குளிரவில்லை என்றதும் கேஸ் நிரப்புவது தவறான வைத்தியம். ஐசோபியூட்டேன் ஃப்ரிட்ஜில் மொத்தமே சில பத்து கிராம் கேஸ்தான் இருக்கும். அது எளிதில் தீப்பற்றக்கூடியதும்கூட. அளவாக இருந்த கேஸோடு கூடுதலாக ஏற்றினால், கோடையில் அழுத்தம் எகிறிக் கம்ப்ரசருக்குக் கேடு வரும்.

தீர்வுகளில் எளியது இடமாற்றம்: கொட்டகையிலிருந்து சமையலறைக்கு. ஐரோப்பிய மாடல்கள் சிலவற்றில் குளிர்காலச் சுவிட்ச் ஒன்று உண்டு. அது கீழ்ப்பெட்டியில் சிறிய ஹீட்டரையோ விளக்கையோ எரியவிட்டு, தெர்மோஸ்டாட்டை ஏமாற்றிக் கம்ப்ரசரை ஓடவைக்கும். குண்டு பல்பு இருந்த பழைய ஃப்ரிட்ஜ்களில் இது எளிது, எல்.இ.டி. விளக்கில் அந்த அளவு சூடு வராது. வீட்டிலேயே ஹீட்டர் பொருத்திப் பார்ப்பது தீப்பற்றும் கேஸ் உள்ள பெட்டியில் விபரீதம். தெர்மோஸ்டாட்டைக் கூடுதல் குளிருக்குத் திருப்பினால் சிறிது பலன் உண்டு, கீழ்த்தட்டுக் காய்கறி உறையும் அபாயத்தோடு. கம்பளியால் போர்த்துவது வெப்பத்தை வெளியேற்றும் காயிலை மூடுவதில்தான் முடியும்.

ஒரு முறை உருகிய ஃப்ரீசரில் இருந்த இறைச்சியையும் மீனையும் பார்வையாலும் மணத்தாலும் மதிப்பிட முடியாது. ஐஸ் படிகங்கள் இன்னும் இருந்தாலோ, 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தாலோ மீண்டும் உறையவைக்கலாம் அல்லது உடனே சமைக்கலாம். அதற்கு மேலான சூட்டில் 2 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் குப்பைக்குப் போக வேண்டியதுதான். இரவில் உருகி, பகலில் கம்ப்ரசர் ஓடியதும் திரும்ப உறைந்த பொதிகள் வெளித்தோற்றத்தில் சரியாகவே இருக்கும். ஒரு குவளைத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டால், உருகிய இரவு பின்னர் தெரிந்துவிடும்: நாணயம் ஐஸுக்குள் அமிழ்ந்திருக்கும்.