ஈரலும் மூலிகைக் காப்பும்

உடலிற் புகும் நஞ்சை முறிப்பது ஈரலின் தொழில்களுள் ஒன்று; சிலவேளை அத்தொழிலே நஞ்சைப் பிறப்பிக்கின்றது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உடைக்கறை போக்கவும் தீயணைக்கவும் பயன்பட்ட காபன் நாற்குளோரைட்டு இதற்குத் தக்க சான்று. ஈரற் கலங்களிலுள்ள நொதியமொன்று அதிலிருந்து குளோரீனைப் பிரிக்க, எஞ்சுவது சோடியற்ற இலத்திரனையுடைய மூலிகம். அது கலமென்சவ்வின் கொழுப்பைத் தாக்கும். தாக்குண்ட கொழுப்பு ஒட்சிசனுடன் கூடி அயற்கொழுப்பைப் பற்றும். ஓலைக்குடிசை வரிசையிலே தீ தாவுவது போலச் சிதைவு பரவும்.

ஒட்சியேற்ற எதிரிகள் தம் ஐதரசனை மூலிகத்துக்கு ஈந்து இத்தொடரை அறுப்பன. மத்தியதரைக் கடற்புறத்துப் பால் முட்செடியின் விதையிலுள்ள சிலிமரின் அவற்றுட் பெயர்பெற்றது. நம்மவர் காமாலைக்கு அரைத்துண்ணும் கீழ்க்காய்நெல்லியும் எலிகளில் இவ்வாறு சோதிக்கப்பட்டுள்ளது.

ஆயின் அத்தகைய சோதனைகளிற் பலவற்றில் எலிக்கு மூலிகை முன்னரும் நஞ்சு பின்னரும் கொடுக்கப்படுகின்றன. மருத்துவமனைக்கு வரும் மனிதனோ நஞ்சை முன்னரே உண்டவன். அன்றியும், மூலிகை மேற்கூறிய நொதியத்தைத் தடுத்துவிடின் மூலிகமே பிறவாது. ஈரல் பிழைக்கும், ஆனால் அப்பெருமை ஒட்சியேற்ற எதிர்ப்புக்கு உரியதன்று. பரசிட்டமோலை அளவுமீறி உண்டோர்க்கு இன்று கொடுக்கப்படுவது மூலிகைச் சாறன்று. ஈரலின் சொந்தக் காப்பாகிய குளூட்டாதயோனைப் புதுப்பிக்கும் அசற்றைல் சிசுத்தெயின். அதுவும் 8 மணித்தியாலத்துள் கொடுக்கப்படின் பெரும்பயன் தரும். தாழ்க்குந்தோறும் பயன் குறையும்.