அசதிக்கும் வைத்தியம் உண்டு

முற்றிய மார்பகப் புற்றுநோயில் வரும் உடல் சோர்வுக்கு என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எங்கே கேட்டு வாங்கலாம்?

மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவிய பெண்கள், டாக்டரிடம் வலியைச் சொல்வார்கள், வாந்தியைச் சொல்வார்கள், சாப்பாடு இறங்கவில்லை என்பார்கள். அசதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை. "மருந்து ஏத்தினா அப்படித்தான் இருக்கும்", "கரண்ட் வெச்சா அடிச்சுப் போட்ட மாதிரிதான் கெடக்கணும்" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னதையே முடிவாக எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

ஊரில் நிலைமை இன்னும் சிக்கல். தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் மாட்டுக்குப் புல் அறுப்பது, தண்ணீர் சுமப்பது, புளி தட்டுவது, களி கிண்டுவது எல்லாமே பெண்கள் தலையில்தான். பாதிக் களியில் துடுப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும் பெண்ணை, "எப்பப் பாரு படுத்தே கெடக்கறா" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள்.

அந்தப் பேச்சு தவறு. புற்றுநோய் அசதி, டாக்டர்கள் கேட்டறிந்து, அளந்து, வைத்தியம் பார்க்க வேண்டிய ஒரு தொந்தரவு. அந்த வைத்தியத்தில், மூச்சைக் கவனித்தபடி மெதுவாகச் செய்யும் உடலசைவுக்கு உறுதியான இடம் உண்டு. அதைக் கேட்டுப் பெறும் உரிமையும் நோயாளிக்கு உண்டு.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

வயல் வேலை செய்த களைப்பு ஒரு ராத்திரி தூங்கினால் போய்விடும். இந்த அசதி தூங்கி எழுந்தாலும் போகாது. செய்த வேலைக்கும் வந்த சோர்வுக்கும் பொருத்தமே இருக்காது. நோய், ஊசி மருந்து, கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை எல்லாமே இதற்குக் காரணமாகலாம். கூடவே, சரிசெய்யக் கூடிய காரணங்களும் மறைந்திருக்கும்: ரத்தசோகை, அடங்காத வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, போதாத சாப்பாடு, மறைந்திருக்கும் கிருமித்தொற்று. எலும்பில் பரவியவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறினாலும் உடம்பு துவண்டுவிடும்.

அதனால் எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது அவசியம். ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருப்பவரைப் போய் "நடங்க, நடங்க" என்று விரட்டுவதில் பயனில்லை.

அசதி என்று நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் தசை கரையும். தசை கரைந்தால் நாலு எட்டு வைப்பதும் மலைப்பாகும். மறுபடி படுக்கத் தோன்றும். இந்தச் சுழலை உடைக்கத்தான் உடலசைவு.

ஆய்வுகள் சொல்வது

தர்மபுரியிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் பெங்களூரில், நான்காம் நிலை மார்பகப் புற்றுநோய் கொண்ட 91 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. விவேகானந்த யோகா அனுசந்தான சம்ஸ்தான ஆய்வாளர்கள் பங்கெடுத்த அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு தரப்புக்கு மூன்று மாதம் யோகப் பயிற்சி. மறு தரப்புக்கு ஆலோசனையும் ஆறுதல் பேச்சும். இரு தரப்பும் வழக்கமான மருத்துவத்தில்தான் இருந்தார்கள். யோகா செய்தவர்களுக்கு அசதியின் கடுமையும், அது அன்றாட வேலையைக் கெடுப்பதும் கூடுதலாகக் குறைந்தன.

ஐரோப்பாவின் ஐந்து நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும், நோய் பரவிய 357 பேரிடம் இன்னொரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சியாளர் கண்காணிப்பில் ஒன்பது மாதம் உடற்பயிற்சி. 2024-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களுக்கு அசதி குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. அவர்களில் பலருக்கு நோய் எலும்பில் பரவியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் முறியும் நிலையில் எலும்பு இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை.

இந்த ஆய்வுகள் அசதி குறைவதைக் காட்டின. யோகா கட்டியைக் கரைக்கும் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. ஊசியையும் மாத்திரையையும் நிறுத்திவிட்டு ஆசனம் போடலாம் என்பதற்கு இவற்றில் ஆதாரம் கிடையாது.

வீட்டில் எப்படிச் செய்வது?

டாக்டர் சம்மதித்த பிறகு, கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலி ஒன்று போதும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். முதலில் ஒன்றும் செய்யாமல், மூச்சு வருவதையும் போவதையும் பத்து தடவை கவனியுங்கள். பிறகு மூச்சை இழுக்கும்போது இரண்டு கைகளையும் மெல்ல மார்பு உயரத்துக்குத் தூக்கி, விடும்போது மடிக்கு இறக்குங்கள். அறுவை நடந்த பக்கத்துக் கை எந்த உயரத்தில் இழுக்கிறதோ, அந்த இடத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து தோளை வட்டமாகச் சுழற்றுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒவ்வொரு காலாக நீட்டி மடக்குவது. எல்லாமே மூச்சின் வேகத்தில்தான். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

தெம்பு இருந்தால் நாற்காலியைப் பிடித்து எழுந்து, ஒரு நிமிடம் நின்று, வாசல் வரை நடந்து வாருங்கள். நடக்கும்போது பாதம் தரையில் படுவதை மனம் கவனிக்கட்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். மறுநாள் உடம்பு தாங்கினால் ஒரு நிமிடம் கூட்டலாம். தாங்கவில்லை என்றால் குறைக்கலாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று பொருள்.

அசதிக்குத் தினமும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் கொடுத்து, காலண்டர் தாளில் எழுதி வையுங்கள். எந்த நேரத்தில் தெம்பு இருக்கிறது, ஊசி போட்ட எத்தனையாவது நாளில் உடம்பு விழுகிறது என்பது இரண்டு வாரத்தில் பிடிபடும். டாக்டரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை. தெம்புள்ள நேரத்தை உடலசைவுக்கும் மனசுக்குப் பிடித்த வேலைக்கும் வைத்துக்கொண்டு, குடம் தூக்குவதை வீட்டில் மற்றவர்கள் ஏற்க வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

எலும்பில் நோய் பரவியிருந்தால் குனிந்து தரையைத் தொடுவது, இடுப்பை முறுக்குவது, குதிப்பது, பாரம் தூக்குவது வேண்டாம். சிரசாசனம், சர்வாங்காசனம், வேகமாக மூச்சை உதறும் கபாலபாதி ஆகியவற்றையும் தவிருங்கள். எந்த எலும்பில், எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஸ்கேன் பார்த்து டாக்டர் சொன்ன பிறகே ஆசனங்களை முடிவு செய்ய வேண்டும். கை வீங்கியிருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். தட்டணுக்கள் குறைந்த நாட்களில் விழாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

கீழே உள்ள அறிகுறிகள் தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள் அல்லது மருத்துவமனைக்குப் போங்கள்:

- புதிதாக வந்த கடும் முதுகுவலி, கால் பலமிழப்பது, மரத்துப்போவது, சிறுநீர் மலம் அடங்காமல் போவது அல்லது வராமல் நிற்பது. தண்டுவடம் நசுங்குவதன் அடையாளம் இது. தாமதித்தால் கால் செயலிழக்கலாம்.
- ஊசி மருந்து ஏற்றும் காலத்தில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்.
- திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது.
- தீராத தாகத்தோடும் மலச்சிக்கலோடும் பேச்சு குழறி நினைவு தடுமாறுவது.

வாசலுக்கு வரும் வைத்தியம்

சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருப்பவர் பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு முறை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர முடியாது. அவர்களுக்காகத்தான் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே தருவது அந்தத் திட்டத்தின் பகுதி. ஒன்றிய அளவில் ஆதரவு சிகிச்சை செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் இதற்கென இருக்கிறார்கள். மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

வலி அடங்காமல் அசதி அடங்காது. கடும் வலிக்கு மார்ஃபின் கேட்பதில் தப்பில்லை. உரிய மருத்துவமனைகளில் அது எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. மனசு உடைந்திருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. சந்தேகத்துக்கு 1800 425 3993. பெங்களூர் போகிறவர்கள், நம் அட்டை அங்கே செல்லுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை கொடுக்கும் குறிப்பிட்ட படிவச் சான்றிதழ் கையில் வேண்டும்.

ஏமாறாதீர்கள்

"மூச்சுப் பயிற்சியால் நாலாம் ஸ்டேஜ் குணமாச்சு" என்று வீடியோ போட்டு, கூடவே லேகியமும் விற்பவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்தையோ தாயத்து, மந்திரத்தையோ விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை சிறை உண்டு. போலீஸிலோ மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமோ புகார் கொடுக்கலாம். பணம் கொடுத்து ஏமாந்திருந்தால், ரசீதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

கேட்டும் கிடைக்காவிட்டால்

தன் நோய் எந்த நிலையில் இருக்கிறது, என்ன சிகிச்சை, அதற்கு மாற்று என்ன என்று புரியும் மொழியில் தெரிந்துகொள்வதும், இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் இதைச் சொல்கிறது. மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி.

குறை இருந்தால் முதலில் மருத்துவமனையின் டீனிடம் எழுத்தில் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து முதல்வரின் முகவரித் துறை எண் 1100, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். வழக்கு வரை போக வேண்டிவந்தால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் 15100.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அசதியை வாய்விட்டுச் சொல்வது. காலண்டர் தாளை நீட்டி இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு, கால்சியம் காரணமா என்று பார்த்தாச்சா? என் எலும்பு எந்த அளவு அசைவைத் தாங்கும்? பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதித் தருவீர்களா? எங்கள் ஊருக்கு ஆதரவு சிகிச்சை செவிலியர் வர யாரிடம் சொல்ல வேண்டும்? நோயாளிக்குப் பேசத் தெம்பில்லை என்றால், கூடப் போகிறவர் கேட்க வேண்டும்.