குச்சியும் வால்வு டியூபும்

சாத்தூர் பக்கம் தீக்குச்சி என்றால் கூலி. எண்பதுகளின் கடைசியில் நான் இங்கே நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தபோது, வகுப்பில் இருக்கவேண்டிய பிள்ளைகள் பலரை விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடும். பள்ளிக்கு வந்தவர்களும் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். அப்போதுதான் அறிவியல் இயக்கத்து நண்பர் ஒருவர், தீக்குச்சியை வைத்தே அறிவியல் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அரவிந்த் குப்தா எழுதி 1987இல் வெளியான புத்தகம் அது.

செய்வது எளிது. சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கிச் சின்னத் துண்டுகளாக நறுக்கவேண்டும். குச்சிகளின் மருந்தைச் சுரண்டிவிட்டு, ஒரு துண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. மூன்று குச்சி சேர்ந்தால் முக்கோணம், நான்கு சேர்ந்தால் சதுரம். சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். முக்கோணத்தை எப்படித் தள்ளினாலும் வடிவம் மாறாது. பக்கங்களின் நீளம் மாறாதவரை அதன் கோணங்களும் மாற முடியாது என்பதுதான் காரணம். டியூப் துண்டின் நடுவில் கருவேல முள்ளால் துளையிட்டு இன்னொரு குச்சியை நுழைத்தால் உருவம் எழுந்து நிற்கத் தொடங்கும். என் வகுப்பில் ஒரு பெண் நான்கு முக்கோணங்களால் ஆன நான்முகி ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “டீச்சர், கரண்டு டவர் பூரா இதுதான இருக்கு!” என்றாள். அதை நான் சொல்லித்தரவில்லை. அதுவரை அவள் கை பட்ட குச்சிகளுக்குக் கணக்கில்லை. யோசிப்பதற்கென்று ஒரு குச்சி அன்றைக்குத்தான் அவள் கைக்கு வந்தது.

இதை எழுதியவர் யார் என்று தேடிப் படித்தேன். உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975இல் மின்பொறியியல் முடித்து, புனேயில் டெல்கோ லாரித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தில் வேலை செய்யப் போனார். அங்கே கிராமத்து வாரச்சந்தையில் கிடைத்த மலிவான பொருள்களை வாங்கி என்னென்ன செய்யலாம் என்று பார்த்ததில் பிறந்ததுதான் குச்சியும் டியூபும். பிற்பாடு தொழிற்சாலை வேலையை விட்டார். 2003 முதல் 2014 வரை புனேயின் ஐயுகா வானியல் ஆய்வு நிறுவனத்துக் குழந்தைகள் அறிவியல் மையத்தில் இருந்து, குப்பைக்குப் போகும் பொருள்களில் பொம்மை செய்யும் வழிகளை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஹோஷங்காபாத்தில் நடந்தது

அரவிந்த் குப்தாவை எல்லாருக்கும் தெரியும். அவரை உருவாக்கிய ஹோஷங்காபாத்தைப் பற்றி நம்மில் அதிகம் பேர் பேசுவதில்லை. மூலக்கூறு உயிரியல் படித்த அனில் சத்கோபால், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டு ‘கிஷோர் பாரதி’ என்ற அமைப்பை அங்கே தொடங்கினார். ரசூலியாவில் இருந்த ‘நண்பர்கள் கிராம மையம்’ என்ற அமைப்பும் சேர்ந்துகொண்டது. 1972இல், மாநில அரசின் அனுமதியோடு, 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய அறிவியல் கல்வி ஆரம்பமானது. 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் இந்தப் பணியை எடுத்து நடத்த ‘ஏகலவ்யா’ அமைப்பு உருவானது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வினோத் ரெய்னா அந்த வேலையை விட்டு இதற்காகவே வந்தார்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் சிறு குழுக்களாக உட்கார்ந்து தாங்களே சோதனை செய்தார்கள்; வயலுக்கும் ஓடைக்கும் போய்ப் பார்த்து எழுதினார்கள். அவர்கள் கையில் இருந்த ‘பால் வைஞானிக்’ புத்தகம் கேள்விகளைக் கேட்டதே தவிர விடைகளை அடுக்கித் தரவில்லை. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. சந்தேகம் வந்தால் சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் கடிதம் போடுவார்கள், பதில் வரும்.

ஓர் ஆசிரியராக என்னை அதிகம் தொட்டது வேறொன்று. கோடை விடுமுறைப் பயிற்சியில் கிராமத்து அரசுப் பள்ளி ஆசிரியரும் பல்கலைக்கழக விஞ்ஞானியும் ஒரே மேசையில் சோதனை செய்தார்கள். பிறகு மாதாமாதம் ஆசிரியர்கள் கூடி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுப் பாடப்புத்தகம் திருத்தப்பட்டது. சோதனைப் பெட்டியை எந்தப் பள்ளிக்கும் வாங்கிக் கொடுத்துவிடலாம். ‘உங்கள் அனுபவத்தால் பாடம் மாறும்’ என்ற மரியாதை ஆசிரியருக்கு அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை. அது கிடைத்த இடத்தில்தான் பெட்டி திறக்கப்பட்டது.

2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுப் பழக்கம் ஓர் ஆணையில் நின்றது. அர்ப்பணிப்புள்ளவர்கள் எத்தனை பேர் வந்தாலும், அரசுப் பள்ளி அமைப்புக்குள் நிலையான இடம் இல்லையென்றால் அவர்கள் வேலை பாதியில் அறுந்துபோகும் என்பதை இதிலிருந்து நாம் கற்கவேண்டும்.

நம் ஊரில்

அந்த விதை வேறு இடங்களிலும் முளைத்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழையும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டு ஆய்வுகளையும் நம்பி வளர்ந்த ஆசிரியர்கள் இங்கே ஏராளம். 2022 நவம்பரில் தமிழக அரசு ‘வானவில் மன்றம்’ தொடங்கியது. கருவிகளை வண்டியில் கட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சோதனை செய்யும் கருத்தாளர்களை இன்று கிராமத்துச் சாலைகளில் பார்க்கிறேன். பெரும்பாலும் இளம் பெண்கள். அறிவியல் படித்துவிட்டு என்ன செய்வது என்று நிற்கும் பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு வாழ்க்கைப்பாதை என்று நாம் சொல்லவேண்டும். அந்தப் பாதையில் மேலே போக நிரந்தரமான பணியும், கௌரவமான ஊதியமும், கற்றுக்கொள்ள மூத்தவர்களும் வேண்டும்.

வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கும் ஒன்று வேண்டும். நம்மிடம் குறுவள மையங்கள் இருக்கின்றன. ஆசிரியர்கள் அங்கே கூடுகிறார்கள். அதில் மாதத்துக்கு அரை நாளை, அறிவியல் ஆசிரியர்கள் தங்கள் கையால் சோதனை செய்வதற்கும், சரிவராத சோதனையைப் பற்றி மனம்விட்டுப் பேசுவதற்கும் மட்டுமே ஒதுக்கவேண்டும். அங்கே எழும் கருத்து பாடநூல் எழுதுபவர்களின் மேசைக்குப் போய்ச் சேரவேண்டும். புதுக் கட்டடமோ பெரும் செலவோ இதற்குத் தேவையில்லை. அந்த அரை நாளைக் கொடுங்கள். மீதியை எங்கள் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.