பதினான்கு ஆண்டுகளா, ஆயுள் முழுதுமா?

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி அமைந்துள்ளது ரமணாசிரமம். 1924-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து இரவொன்றில் திருடர்கள் அங்கே புகுந்து ரமணரையே அடித்துக் காயப்படுத்தினர். திருப்பி அடிக்க எழுந்த சீடரை அவர் தடுத்துவிட்டார் என்பது வரலாறு. அடிபட்டவர் உயிரோடிருந்தார், ஆகவே மன்னிக்கவும் முடிந்தது. கொலையிலோ, மன்னிக்க வேண்டியவரே மாண்டுபோகிறார். அவர் சார்பில் நீதிமன்றமே தண்டனையை அளக்க வேண்டியதாகிறது. அஃது எவ்வாறு அளக்கிறது?

"ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டுகள்தானே!" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அது தவறு. கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்பதே சட்டம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 103-ஆம் பிரிவில் அதையே கூறுகிறது. ஆயுள் என்பது இறுதி மூச்சுவரை என உச்ச நீதிமன்றம் 1961-இலேயே தெளிவாக்கிவிட்டது.

அப்படியாயின் பதினான்கு எங்கிருந்து வந்தது? தண்டனையைக் குறைத்துக் கைதியை விடுவிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. கொலைக் குற்றவாளிகள் சிலர் சில ஆண்டுகளிலேயே வெளிவந்ததால், 1978-இல் பாராளுமன்றம் அதற்கோர் எல்லை கட்டியது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் சிறை பெற்றவர், குறைந்தது 14 ஆண்டுகள் சிறையில் கழித்தாக வேண்டும். மாரு ராம் வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் இவ்விதியை ஏற்றது. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அரசியல் சாசனப்படி வழங்கும் மன்னிப்பை மட்டும் இது கட்டுப்படுத்தாது. பதினான்காம் ஆண்டு முடிந்ததும் கதவு தானே திறந்துவிடாது; விடுதலை கோரும் மனுவை அரசு பரிசீலிக்கலாம், அவ்வளவே.

சில கொலைகளுக்குத் தூக்கு மிகை, பதினான்கு ஆண்டுகள் குறை என நீதிபதிகள் கருதினர். 2008-இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் நடுவழி பிறந்தது. 20, 30 ஆண்டுகள் என்றோ, ஆயுள் முடியும்வரை என்றோ வரையறுத்து, அதுவரை தண்டனைக் குறைப்பு கூடாதெனக் கட்டளையிடலாம் என்பதே அது. ராஜீவ் காந்தி கொலைக் கைதிகளின் விடுதலை பற்றிய வழக்கில், 2015-இல் அரசியல் சாசன அமர்வு இதனை உறுதிசெய்தது. ஆயினும் இவ்வதிகாரம் உயர் நீதிமன்றத்திற்கும் உச்ச நீதிமன்றத்திற்கும் மட்டுமே உரியது.

குற்றம் நிகழ்ந்த விதம் ஒரு தட்டில். குற்றவாளியின் வயது, முன் நடத்தை, திருந்தும் வாய்ப்பு மறுதட்டில். இவற்றை நிறுத்தே ஆண்டுகள் குறிக்கப்படுகின்றன.

தீர்ப்புக்குப் பின்னும் இரு இல்லங்கள் துயருறுகின்றன. ஒன்றில் தந்தை மீளமாட்டார்; மற்றொன்றில் குற்றம் செய்யாத பிள்ளைகள் தலைகுனிந்து நடக்கின்றனர். நம் பங்கிலும் இத்தகைய வீடுகள் இருக்கக்கூடும். இரண்டின் வாசலையும் மிதிக்க நாம் தயங்கலாமா?